காணாமல் போன குழல்

பின்னறைச் சுவரில் அரை ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அலமாரியின் முதுகு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. அடுத்திருந்த குளியலறையின் குழாய் சுவருக்குள்ளேயே எங்கோ கசிகிறது என்று ஃபிட்டர் கண்டுபிடித்தார். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார் மனைவி.

"கொத்தனார் வந்தா நாலு நாள் இழுப்பான். நானே ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்" என்ற ஃபிட்டர், ஏழு நாள் எடுத்துக்கொண்டார்.

பஞ்சாலையில் முப்பத்தாறு வருடம் தறி ஃபிட்டராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் தெருவில் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஃபிட்டர்தான். அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்; அதனால் ஆபரேட்டரம்மா. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவரும், இருவருக்கும் வேண்டிய அளவுக்கு மேல் பழைய சாமான்களும் இருந்தன.

சுவரைக் கொத்துவதற்கு அலமாரியை நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு அதைக் காலி செய்ய வேண்டும். மகளின் பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டி, எரியாத மூன்று டார்ச் விளக்குகள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு கொத்துச் சாவி, கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி எல்லாம் வெளியே வந்தன. அடித்தட்டில், கிழிந்த போர்வைக்குள், ரெக்கார்டு பிளேயர் இருந்தது. கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள்.

"இதைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாமா?" என்று ஆபரேட்டரம்மா கேட்டார்.

ஃபிட்டர் திரும்பவில்லை. அவர் தோளைத் தொட்டு இன்னொரு தடவை கேட்டார்.

"என்னை வேணா போடு. இதைப் போட விடமாட்டேன்."

சுவர் வேலை முடிந்து பூச்சு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் அவர் ரெக்கார்டு பிளேயரைப் பிரித்துப் போட்டார். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைக்குப் போய்ப் புது பெல்ட்டும் ஊசியும் வாங்கி வந்தார். உள்ளே இரண்டு கண்டன்சர்களை மாற்றினார். நான்காம் நாள் காலை, தட்டு சுழன்றது. பாட்டு வந்தது. ஆபரேட்டரம்மா ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து நின்றார். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, தூக்கிப் போடச் சொன்ன சாமான் பாடுகிறதே என்று.

நாலைந்து தட்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஃபிட்டர் கடைசியாக ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்தார். உறையில் மில்லின் புகைக்கூண்டுப் படம். மில்லின் வெள்ளி விழாவுக்கு, தொழிலாளர் இசைக்குழு பாடியதை நிர்வாகம் தட்டாகப் போட்டது. மொத்தமே ஐம்பது தட்டுதான். ஃபிட்டருக்குப் பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. மைக், வயர், மேடை விளக்கு இவற்றுக்கெல்லாம் அவர் பொறுப்பு. ஆனாலும் குழுவில் எல்லோருக்கும் கொடுத்த மாதிரி அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். அதில் இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு இடம் வரும். மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி, டிரம் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, ஒரு சின்னப் புல்லாங்குழல் கிடுகிடுவென்று மேலே ஏறி, உச்சியில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். வாசித்தவன் நெட்டை. ஆறடி மூன்று அங்குலம் இருந்த நெசவுக்காரன். அவ்வளவு நீளமான ஆள் கையில் ஒரு சாண் குழலைப் பார்த்தால் பல்குத்தப் போகிறானோ என்று தோன்றும் என மில்லில் கேலி செய்வார்கள்.

நெட்டைக்கும் ஃபிட்டருக்கும் இருபத்தைந்து வருடப் பழக்கம். ஒரே ஷிப்டு, ஒரே பெஞ்சில் சாப்பாடு. அது ஒரே நாளில் முறிந்தது. ஒன்பது வருடம் முன்பு ஃபிட்டரின் மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் நெட்டை வாசிக்க வேண்டும் என்று ஃபிட்டர் ஆசைப்பட்டார். நேரில் போய்க் கேட்டார். "மூச்சு பத்தலப்பா, விட்டுடு" என்றான் நெட்டை. அதே வாரம்தான் அவன் ஒரு மூட்டை சிமென்டைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறியதை ஃபிட்டர் கண்ணால் பார்த்திருந்தார். மூச்சு பற்றவில்லையாம்! கல்யாணத்துக்கு நெட்டை வந்தான், பரிசு கொடுத்தான், சாப்பிட்டான். ஃபிட்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பின் பேச்சே இல்லை. இரண்டு வருடம் முன்பு நெட்டை இறந்தபோது ஃபிட்டர் அவன் வீட்டு வாசல் வரை போய்விட்டு, உள்ளே போகக் கால் வராமல் திரும்பிவிட்டார்.

இப்போது அந்தத் தட்டில் ஊசியை வைத்தார். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டு வந்தது. ஃபிட்டர் குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தபடி இருந்தார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி, பின்னால் கொண்டுபோய் மறுபடி வைத்தார். மறுபடியும். ஆபரேட்டரம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் பிளேயரை இன்னொரு தடவை பிரித்துவிட்டார். மறுநாள் கடைக்குப் போய் ஊசி சரியில்லை என்று சண்டை போட்டு வேறு ஊசி வாங்கி வந்தார். அதற்கடுத்த நாள் ஸ்பீக்கரையே மாற்றினார். "நல்லாத்தானே பாடுது, ஏன் இப்படி அதைப் போட்டு வதைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பதில் வந்தது.

ஸ்பீக்கரை மாற்றிய இரண்டாம் நாள் மதியம் ஆபரேட்டரம்மா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியங்கள் அடங்கின. டிரம் தட்டியது. குழல் கிளம்பி மேலே ஏறியது. கையில் இருந்த சட்டையை மடிக்காமல் ஆபரேட்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நெட்டை அண்ணனுக்கு என்ன விரல், என்று சொல்ல வாயெடுத்தார்.

"பாத்தியா? இதோ, இந்த இடம்தான்" என்றார் ஃபிட்டர். "இங்கதான் குழல் வரணும். வெறும் டிரம்தான் வருது. தட்டே தேஞ்சு போச்சோ என்னமோ."

குழல் அப்போது உச்சியில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை. காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, நெற்றியைச் சுருக்கி, டிரம்முக்குத் தலையாட்டிக்கொண்டு, வராத குழலுக்காகக் காத்திருந்தார் மனுஷர்.

"ஆமாங்க. தேஞ்சிருக்கும்" என்றார். சட்டையை மடித்து வைத்தார்.

அன்று முழுக்க அவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. முப்பது வருடம் காதை வைத்துப் பிழைத்தவர் அவர். எதிர்முனையில் இருப்பவருக்குச் சளியா, கோபமா, பொய் சொல்கிறாரா என்று ஒரு 'ஹலோ'விலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரே வீட்டில் இருப்பவருக்குக் காது மங்கியதைக் கவனிக்கவில்லையே! இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. வாசல் மணி அடிக்கவில்லை என்று ஃபிட்டர் ஒரே வருடத்தில் மூன்று மணி மாற்றினார். சொட்டு நின்றுவிட்டது என்று அவர் சத்தியம் செய்த குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். வயசானால் ஆம்பளைகளுக்குக் கவனம் குறையும் என்று நினைத்து, அவரும் குரலை உயர்த்திப் பழகிவிட்டார். மெல்ல மெல்ல உயர்த்தியதில் உயர்ந்ததே தெரியவில்லை.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள, எக்ஸ்சேஞ்சில் லைனைச் சோதிப்பது போலச் சோதித்தார். ஃபிட்டர் செய்தித்தாள் படிக்கும்போது பின்னால் நின்று மெல்லிய குரலில், "ஏழு, ஆறு, ஒன்பது" என்றார். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். இல்லை. இன்னும் உரக்கச் சொன்னபோது, "என்ன, கணக்குப் போடுறியா?" என்றார் ஃபிட்டர்.

மகளுக்குப் போன் செய்து சொன்னார்.

"அப்பாகிட்டயே சொல்லிடும்மா. மூடி வெச்சு என்ன ஆகப் போகுது?"

"உனக்கென்னடி. அந்த மனுஷன் தறி ஓடுற சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட்டு லூஸுன்னு சொன்னவரு. அவருகிட்ட போயி உங்களுக்குக் காது கேக்கலன்னு எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

"வேண்டாம். நானே சொல்றேன்" என்றவர், சொல்லாமல் நாளைக் கடத்தினார். இன்று சொல்லலாம் என்று நினைத்த நாளில் அவருக்குத் தலைவலி. அடுத்த நாள் மழை.

இதற்குள் ஃபிட்டர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தட்டுதான் தேய்ந்துவிட்டது, தேயாத தட்டு வேண்டும். இசைக்குழு ஆட்களில் யாரிடம் இருக்கும்? இரண்டு பேர் தட்டைத் தொலைத்துவிட்டார்கள். ஒருவர் தொலைந்தே போய்விட்டார். பத்திரமாக வைத்திருக்கக்கூடிய ஒரே வீடு நெட்டையின் வீடுதான். ஃபிட்டர் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார். மூன்றாம் நாள் காலை சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, "நீயும் வா. தனியா போக எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

கதவைத் திறந்த நெட்டையின் மனைவி ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு, "வாங்கண்ணா! வாங்க அண்ணி! வெயில்ல நிக்காதீங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒன்பது வருடக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிட்டர் தட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"இருக்காவா? ஞாயித்துக்கிழமை காலையில போட்டுடுவேண்ணா. அவரு ஞாபகம் அதுல மட்டும்தானே மிச்சம் இருக்கு. இருங்க."

அவர் வீட்டு ரெக்கார்டு பிளேயர் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. தட்டில் ஒரு கீறல் இல்லை. ஃபிட்டர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஊசி இறங்கியது. இரண்டாவது பாட்டு. வாத்தியங்கள் அடங்கின. டிரம் வந்தது.

"இதோ" என்று நெட்டையின் மனைவி விரலைத் தூக்கினார்.

விரல் காற்றில் மெல்ல மேலே போனது. மேலே நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த அம்மாளின் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. ஃபிட்டருக்கு டிரம் கேட்டது. டிரம் மட்டும்தான் கேட்டது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். ஆபரேட்டரம்மா கண்ணை மூடியிருந்தார். அந்த விரல் ஏறிய இடத்தில் அவர் புருவமும் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கியது.

ஃபிட்டர் ஊசியைப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிண்ணா? அவரு மாதிரி யாரு வாசிப்பா, சொல்லுங்க!"

"யாரும் இல்ல, தங்கச்சி" என்றார் ஃபிட்டர். "தெளிவா கேக்குது."

கண்ணைத் திறந்த ஆபரேட்டரம்மா தரையைப் பார்த்தார். தட்டை எடுத்துப் போங்கள் என்று அந்த அம்மாள் வற்புறுத்தியும் ஃபிட்டர் வாங்கிக்கொள்ளவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பஸ் மூன்று நிறுத்தங்களைத் தாண்டியது. நான்காவது நிறுத்தத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே ஃபிட்டர் கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எது?"

"எனக்குக் கேக்கலன்னு."

பொய் சொல்லலாமா என்று ஆபரேட்டரம்மா ஒரு கணம் யோசித்தார். "பதினோரு நாளா" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க?"

வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் இன்னொரு அர்த்தம் இருவருக்கும் உறைத்தது. ஃபிட்டர் சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை. ஆபரேட்டரம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் அப்படிச் செய்வது அவருக்குப் பழக்கமில்லை.

காது டாக்டரிடம் போக மேலும் இரண்டு வாரம் பிடித்தது. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதி வரை நேராகப் போய், பிறகு படிக்கட்டில் தடுக்கி விழுந்த மாதிரி கீழே இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் கேக்கும். மெல்லிசா, உசரமா இருக்கிற சத்தம்தான் போயிருக்கு. எங்க வேலை பாத்தீங்க?"

"பஞ்சு மில்லுல. தறிக்கூடம். முப்பத்தாறு வருஷம்."

"அவ்வளவு சத்தத்துல காதுல பஞ்சாவது வெச்சுக்கிட்டீங்களா?"

"மில்லு முழுக்கப் பஞ்சுதான் டாக்டர். காதுல மட்டும் யாரும் வெச்சுக்கல."

போன காது திரும்பாது, ஆனால் கருவி வைத்தால் நிறைய உதவும் என்றார் டாக்டர். கருவியைப் பொருத்திப் பழக்குவதற்கு அங்கே ஒரு இளம்பெண் இருந்தாள். சுண்டைக்காய் அளவுள்ள கருவியை இரண்டு காதுக்குப் பின்னாலும் மாட்டிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள். அவள் குரல் தலைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருக்க, ஃபிட்டர் திடுக்கிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வாரம் பெரும் தொல்லை. செய்தித்தாளைத் திருப்பினால் தகரக் கூரையில் கல் விழுந்தது. செருப்பு சத்தம் போட்டது. தான் மெல்லுகிற சத்தத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பழுதில்லை என்று நினைத்திருந்த வீடு முழுக்க முனகியது: மின்விசிறி தேய்த்தது, கீல் கத்தியது, குழாய் சொட்டியது. ஸ்பேனரும் எண்ணெய்க் குப்பியுமாக அவர் அறை அறையாகத் திரிந்தார். ஒருநாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "நீ பாடுவியா?" என்று கேட்டார்.

"எங்க பாடுறேன்? வேலை செய்யும்போது சும்மா முனகுறதுதான்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

அவர் மறுபடி முனகத் தொடங்கும்வரை ஃபிட்டர் நின்றார். "சுருதி சேரல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதன்பின் காலையில் செய்தித்தாளைச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

பாட்டுதான் சரிப்படவில்லை. கருவி வழியாக எந்தப் பாட்டைக் கேட்டாலும் டப்பாவைப் போட்டு உருட்டிய மாதிரி இருந்தது. அந்த இளம்பெண்ணிடம் போய்க் குறைபட்டார். "பேச்சுதான் சார் முதல்ல பழகும். பாட்டு கடைசியா வரும். அவசரப்படாதீங்க" என்று சொல்லி, பாட்டுக்கென்று தனியாக ஏதோ ஒன்றைத் திருத்திக் கொடுத்தாள். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அவள் முகம் சுளிக்காமல் திருத்தினாள்.

ஆறாவது வாரத்தில், தன்னுடைய பழைய தட்டிலேயே, டிரம்முக்கு மேல் ஏதோ அசைந்தது. ஃபிட்டர் ஊசியைத் தூக்கினார். மறுபடி ஊசியை வைத்தார். இழை மாதிரி ஒன்று, அறுந்து விடுமோ என்று பயப்படும்படி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஞாபகத்தில் இருந்த குழல் இதில்லை. அது கனத்தது, ஈரமுள்ளது. இது நூல். ஆனால் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நெட்டை எங்கே மூச்சு எடுத்தான் என்பது கூடத் தெரிந்தது.

"வந்துடுச்சு" என்று சமையலறைக்குப் போய்ச் சொன்னார்.

"எது வந்துச்சு?"

"நெட்டை" என்றார். சொன்ன பிறகு குரல் உடைந்தது. ஆபரேட்டரம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவரை உட்கார வைத்தார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் ஃபிட்டர் சொன்னார்: "அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். புருஷன் வாசிச்சதைக் கேட்டு அழுதுட்டு இருந்தவங்ககிட்ட, எனக்கும் கேக்குதுன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். அது நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது."

மறுநாளே போனார்கள். ஃபிட்டர் சுற்றி வளைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், காதுக்குப் பின்னாலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய், தங்கச்சி. எனக்கு எதுவுமே கேக்கல. உன் விரலைப் பாத்துத்தான் குழல் வருதுன்னே தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுடு."

நெட்டையின் மனைவி அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டார், பதில் தவறிவிடக் கூடாதென்று.

"அவருக்கும் கேக்கலண்ணா" என்றார் அந்த அம்மாள்.

"யாருக்கு?"

"உங்க சிநேகிதருக்குத்தான். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே போயிடுச்சு. பின்கட்டுல நின்னு வாசிப்பாரு. வாசிச்சுட்டு, 'சரியா வருதா, சரியா வருதா'ன்னு என்னையே கேப்பாரு. எனக்கு என்ன தெரியும்? வருதுன்னுவேன். ஒரு நாள் தெரிஞ்சவங்க வீட்டுல வாசிச்சப்ப ஸ்வரம் எங்கேயோ போயிடுச்சு. ரெண்டு பொண்ணுங்க சிரிச்சிடுச்சுங்க. கேக்காத காதுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் எப்படித்தான் கேட்டுச்சோ. வீட்டுக்கு வந்து குழலைப் பெட்டியில போட்டவருதான்."

ஃபிட்டர் கருவியைத் தொட்டுப் பார்த்தார். "என்கிட்ட மூச்சு பத்தலன்னான்."

"மூச்சுக்கு என்ன குறைச்சல்? உங்க பொண்ணு கல்யாணத்துல அபஸ்வரமா வாசிச்சு, நாலு பேரு முன்னாடி உங்களுக்கு அவமானம் தேடித் தந்துடுவோமோன்னு பயந்தாரு. நீங்க கோவிச்சுக்கிட்டது தெரியும். போயி உண்மையைச் சொல்லிட்டு வாங்கன்னு நான் சொல்லாத நாளில்ல. 'திமிர் பிடிச்சவன்னு நினைச்சுட்டுப் போகட்டும், செவிடன்னு நினைக்க வேண்டாம்'னுட்டாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

ஆபரேட்டரம்மா எழுந்து போய் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் போன அன்னிக்கு நான் வாசல் வரைக்கும் வந்தேன், தங்கச்சி" என்றார் ஃபிட்டர்.

"பாத்தேண்ணா. ஜன்னல் வழியா பாத்தேன்."

"உள்ள வரல."

"ஆமாண்ணா. வரல."

வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், வரவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லி அதை மூடிவிட அந்த அம்மாளும் முயலவில்லை. ஃபிட்டருக்கு அது ஒருவகையில் நல்லதாகவே பட்டது.

முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. ஆபரேட்டரம்மா எட்டிப் பார்த்தார். பின்கதவின் தாழ்ப்பாள் ஒரே திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் அதைக் கையில் தாங்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்க்ரூடிரைவர் இருக்கா, தங்கச்சி?" என்று கேட்டார். நெட்டையின் கருவிப் பெட்டி வந்தது. தாழ்ப்பாளை முடித்துவிட்டு, தேய்ந்துபோன ஜன்னல் கொக்கியையும் மாற்ற வேண்டும் என்றார். "அடுத்த வாரம் வரேன். சாமான் நான் வாங்கிட்டு வரேன்" என்றார். சொன்னபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

மில் ஓய்வூதியர் சங்கத்தின் கூட்டம் மாதத்துக்கு ஒரு தடவை, மில்லுக்கு எதிரே ஒரு மாடி அறையில் நடக்கும். ஃபிட்டர் அங்கே ஒருநாளும் எழுந்து பேசியதில்லை. அந்த மாதம் எழுந்தார். நெட்டையின் மனைவியிடம் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்கியிருந்தார்.

"எனக்குக் காது கேக்கல" என்று ஆரம்பித்தார்.

பின் வரிசையிலிருந்து, "என்ன சொல்றாரு?" என்று ஒரு குரல் வந்தது. அறையே சிரித்தது. ஃபிட்டர் சிரிக்காமல் நின்றார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, நெட்டையின் கதையை ஆரம்பம் முதல் சொன்னார். அவன் சாகும்வரை ஏழு வருடம் தான் அவனோடு பேசாமல் இருந்ததையும் விடவில்லை. இப்போது பின் வரிசைக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான்யா. நான்தான் ஒத்துக்கல" என்றார். தெருமுனை வருவதற்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள்.

அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொள்ள, வியாழக்கிழமை காலை ஒன்பது பேர் காது டாக்டரிடம் போகப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிய பேச்சில் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதலில் கூண்டுக்குள் போக வேண்டியவர், பாவு நூல் சுற்றும் வார்ப்பிங் பகுதியின் பழைய மேஸ்திரி. மில்லில் அவர் குரலுக்குத் தறியே நிற்கும் என்பார்கள். இப்போது கண்ணாடிக் கூண்டைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்திருந்தது. ஃபிட்டர் அவரோடு கதவு வரைக்கும் போனார்.

"பயப்படாத. ஊசி கீசி எதுவும் கிடையாது. ஒரு பொத்தான் குடுப்பாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும்."

"கேக்கலன்னா?"

"அமுக்காத. கேட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு அமுக்கிடாத. நான் முதல்ல அப்படித்தான் எல்லாத்துக்கும் அமுக்கினேன். டாக்டரு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு."

மேஸ்திரி தலையாட்டினார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஃபிட்டர் கதவைச் சாத்தினார்.